பிரஷரும் மூளை ரத்தக்குழாய் இறுக்கமும்: அளப்பது, குறைப்பது, காப்பது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' (சிறு குழாய்களில் ரத்தம் குறைந்ததால் வந்த மாற்றம்) அல்லது 'குரோனிக் லாக்குனார் இன்ஃபார்க்ட்' (சிறு குழாய் அடைத்து விழுந்த பழைய குழி) என்று ஒரு வரி இருந்தால், அது பெரும்பாலும் பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் விட்டுப்போன தழும்பு. வயதும் சர்க்கரையும் புகையும் அதில் பங்கு வகிக்கும். ஆனால் நாம் மாற்றக்கூடிய காரணங்களில் பிரஷர்தான் முதலிடம். இந்த வழிகாட்டி அப்படி அறிக்கை வந்தவர்களுக்கும் பயன்படும். பிரஷர் இருக்கிறது, ஆனால் இன்னும் எந்தத் தொந்தரவும் இல்லை என்பவர்களுக்கோ அதைவிடக் கூடுதலாகப் பயன்படும். ஏனென்றால் இறுகிப்போன குழாயைப் பழையபடி நெகிழவைக்க மருந்து கிடையாது. மேலும் இறுகாமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது

மூளையின் எடை உடலில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் அங்கே போகிறது. இரவு பகல் நிற்காமல் ரத்தம் பாய்ந்தாக வேண்டும் என்பதால் மூளையின் ரத்தக்குழாய்கள் மிகக் குறைந்த எதிர்ப்போடு திறந்தே இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு துடிப்பின் அடியும் மற்ற உறுப்புகளைவிட மூளைக்குள் ஆழமாக இறங்குகிறது.

அந்த அடி அதிகம் விழும் இடம் மூளையின் அடியாழம். கை கால்களை அசைக்கும் நரம்புக் கற்றைகள் நெருக்கமாகப் போகும் பகுதி அது. அங்கே போகும் ஊடுருவு தமனிகள் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியவை. ஊருக்குள் படிப்படியாகப் பிரிந்து வரும் குழாயாக இல்லாமல், பெரிய குடிநீர்க் குழாயிலிருந்து நேராக வீட்டு இணைப்பு எடுத்ததுபோல, அவை பெருந்தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளம்புகின்றன. இடையில் அழுத்தம் குறைய வழியே இல்லை. பக்கத்துக் குழாயிலிருந்து மாற்று ரத்தம் வரவும் வழியில்லை.

அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால், இந்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் தசை செல்கள் முதலில் தடிக்கின்றன, பிறகு அழிகின்றன. அந்த இடத்தை நெகிழாத நார்ப்பொருள் நிரப்புகிறது. உள்வழி குறுகுகிறது. கடைசியில் இரண்டில் ஒன்று நடக்கும். குழாய் அடைத்தால் 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவில் மூளைத் திசு இறந்து சிறு குழி விழும். இதைத்தான் லாக்கூன் என்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து, 1960-களில் இந்தக் குழிகளுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். அடைக்காமல் சுவர் பலவீனமாகி வெடித்தால் அது மூளை ரத்தக்கசிவு. அடைப்பும் கசிவும் ஒரே நோயின் இரு முகங்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் வரலாம்.

இதற்கு நடுவே சத்தமில்லாத மூன்றாவது பாதிப்பு ஒன்று உண்டு. அடைக்கவும் இல்லை, வெடிக்கவும் இல்லை, ஆனால் போதிய ரத்தம் போகாமல் மூளையின் வெண்பகுதி மெல்ல மெல்லச் சிதைகிறது. ஸ்கேனில் இது வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். இதன் அளவை ஃபசேகாஸ் என்று 0 முதல் 3 வரை தரம் பிரித்து அறிக்கையில் எழுதுவார்கள். அறுபது வயதைக் கடந்தவருக்கு 1 இருப்பது சாதாரணம். 2, 3 என்று இருந்தால் பிரஷர் கணக்கை உடனே எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய குழாய்களில் நடப்பது வேறு. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும், மூளைக்குள் நுழையும் பெருந்தமனிகளிலும் கொழுப்புப் படிவம் சேர்கிறது. அங்கே பிரஷரோடு கொலஸ்ட்ராலும் சேர்ந்து வேலை செய்கிறது. மண்டைக்குள்ளேயே இருக்கும் பெருந்தமனிகளில் இப்படிப் படிவது மேற்கத்தியரைவிட ஆசியர்களிடம் அதிகம். ஆகவே பிரஷர் மாத்திரை எழுதும் மருத்துவர் கூடவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதினால், 'எனக்குக் கொழுப்பு இல்லையே' என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள், எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தணிக்கும். பிரஷரும் வயதும் அதையும் இறுக்கிவிடுகின்றன. இறுகிய மகாதமனி மேல் அளவை இன்னும் ஏற்றிவிடும், கீழ் அளவை இறக்கிவிடும். 170/70 என்று முதியவருக்குக் காட்டும்போது 'கீழ் பிரஷர் நார்மல்தானே' என்று வீட்டில் ஆறுதல் சொல்வது வழக்கம். அது தவறான ஆறுதல். ஐம்பது வயதுக்கு மேல் மூளைக்கு ஆபத்தைச் சொல்வது பெரும்பாலும் மேல் அளவுதான். இரண்டுக்கும் உள்ள இடைவெளி விரிவது குழாய் இறுகியதன் அடையாளம்.

அளப்பதில்தான் பாதி வேலை

கிளினிக்கில் ஓடிவந்து உட்கார்ந்ததும் எடுக்கும் ஒரு எண்ணை வைத்து யாருடைய மூளையையும் காக்க முடியாது. தேவை, வீட்டில் ஒரு வாரம் முறையாக எடுத்த சராசரி.

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து எண் தாறுமாறாக மாறும். விரலில் மாட்டும் கருவிகளும், பிரஷர் காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களும் மாத்திரை அளவைத் தீர்மானிக்கப் போதாது. வாங்கும் முன், முறைப்படி சரிபார்க்கப்பட்ட கருவிகளைப் பட்டியலிடும் ஸ்ட்ரைட் பி.பி. இணையதளத்தில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கைப்பட்டையின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்துச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். கருவியோடு வரும் பட்டை பொதுவாக 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான் பொருந்தும். கை 34 இருந்தால் பெரிய பட்டையைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். சிறிய பட்டை மேல் அளவை 5 கூட்டிக் காட்டும். கை மிகப் பருமனாக இருந்தால் 20 வரைகூடக் கூட்டும். அந்தப் பொய்க் கணக்கில் மாத்திரை கூடும், அப்புறம் எழுந்து நின்றால் தலை சுற்றும்.

அளக்கும் முறை:

1. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, புகை, நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.
2. முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். டி.வி., செல்போன் வேண்டாம்.
3. பட்டையை வெறுங்கையில் கட்டுங்கள். சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே கட்டினாலும் எண் கெடும். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும்.
4. கையை மேசையில் வையுங்கள், பட்டை நெஞ்சுயரத்தில் இருக்க வேண்டும். மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 கூடும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6, 7 கூடும்.
5. அளக்கும்போது பேசாதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.
6. ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு ஒருமுறை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு ஒருமுறை. இப்படி 7 நாள். முதல் நாள் பதற்றத்தில் எண் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த நாளைத் தள்ளிவிட்டு, மீதி 6 நாளின் 24 எண்களுக்கும் மேல் அளவுக்குத் தனி, கீழ் அளவுக்குத் தனி எனச் சராசரி எடுங்கள். நல்ல எண்ணை மட்டும் எழுதி, 'இது ஏதோ தப்பாகக் காட்டுது' என்று மற்றதை விடுவது இதில் அடிக்கடி நடக்கும் பிழை. விட்ட அந்த எண்கள்தான் மருத்துவருக்கு வேண்டியவை.

முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே இனி எப்போதும் அளக்க வேண்டும். வித்தியாசம் திரும்பத் திரும்ப 15-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தோள்பட்டைத் தமனியில் குறுகல் இருக்கலாம்.

அறுபதைக் கடந்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் நின்றும் அளக்க வேண்டும். உட்கார்ந்து எடுத்தபின் எழுந்து நின்று 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் எடுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், மாத்திரையைக் கூட்டும் முன் அதை மருத்துவர் அறிய வேண்டும்.

நாடித்துடிப்பு ஒழுங்கில்லை என்று கருவி அடையாளம் காட்டிக்கொண்டே இருந்தால் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதத்துக்குப் பெரிய காரணம், அதற்குச் சிகிச்சையே வேறு.

எண் என்ன சொல்கிறது

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது ரத்தக் கொதிப்பு. கிளினிக் அளவில் இது 140/90-க்குச் சமம். கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில் கூடுதலாக இருப்பவர்கள் உண்டு. மறைந்திருக்கும் பிரஷர் இது. யாரும் மருந்து தொடங்காததால் மூளைக்கு இது இன்னும் மோசம்.

குறி என்ன? பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழ். தாங்கினால் இன்னும் கொஞ்சம் குறைவு. எண்பதைத் தாண்டியவர்கள், நிற்கும்போது இறங்குபவர்கள், உடல் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு எல்லை வைப்பார். இந்த எண் ஆய்வுகளிலிருந்து வந்தது. 2013-இல் முடிவு வெளியான எஸ்.பி.எஸ்.3 ஆய்வில், ஏற்கெனவே சிறுகுழாய் அடைப்பு வந்த 3020 பேரில் மேல் அளவை 130-க்குக் கீழ் வைக்க முயன்றவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு 63 சதவீதம் குறைவாக வந்தது. 2019-இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் முடிவு, 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைவு சுமார் 19 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. முழு மறதி நோய் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மேல் அளவை 10 குறைத்தாலே பக்கவாத ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

வேகமாகக் குறைப்பது இன்னொரு ஆபத்து

ஆரோக்கியமான மூளைக் குழாய் பிரஷர் இறங்கினால் விரிந்து, ஏறினால் சுருங்கி, ரத்த ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். நெடுநாள் கொதிப்பு இருந்தவரின் குழாய் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிட்டது. இறுகியதால் விரியவும் முடியாது. 200 இருந்ததை ஒரு மணி நேரத்தில் 120 ஆக்கினால், நமக்கு நல்லதாகத் தெரியும் அந்த எண்ணிலேயே மூளையின் ஆழப்பகுதி ரத்தமில்லாமல் தவிக்கும். பிரஷரைக் குறைக்கப்போய்ப் பக்கவாதம் வந்த கதை இப்படித்தான் நடக்கிறது.

நிஃபெடிபின் மாத்திரையைக் குத்தி நாக்கடியில் விடும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. 1990-களிலேயே மருத்துவ உலகம் எச்சரித்த முறை இது. மருந்துக் கடையில் யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள். சரியான வேகம் வாரக்கணக்கு. மாத்திரை தொடங்கி சுமார் மூன்று மாதத்துக்குள் குறியை எட்டினால் போதும்.

கருவி 180/120 காட்டுகிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி எடுங்கள். இன்று மாத்திரை போட்டோமா, வலிமாத்திரை எடுத்தோமா என்று பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலேயே இரண்டு மாத்திரை சேர்த்துப் போட வேண்டாம்.

மாத்திரை

ஒரு மாத்திரை வழக்கமான அளவில் மேல் பிரஷரைச் சுமார் 9 குறைக்கும். ஆகவே 160-இல் இருப்பவருக்கு இரண்டு மாத்திரை வேண்டியிருப்பது இயல்பு. நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தியாவில் அதிகம் தருபவை ஆம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

ஆம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், அது பொதுவாகச் சிறுநீரகக் கோளாறால் வருவதல்ல. மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்ப்பார். டெல்மிசார்டான் தொடங்கிய 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. குளோர்தாலிடோன் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும். புதிதாகக் குழப்பம், தள்ளாட்டம் வந்தால் 'வயசாச்சு' என்று விடாமல் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

காலையா இரவா என்பது பெரிய விஷயமில்லை. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022-இல் முடிவு வந்த டைம் ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரமே நல்ல நேரம். மறந்தால் அன்றே நினைவு வந்தபோது போடுங்கள். மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். குளோனிடின், அட்டினலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும்.

'பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சு, இனி மாத்திரை எதுக்கு' என்ற ஒரு வாக்கியம்தான் மூளைக்கு இழைக்கப்படும் பெரிய கெடுதல். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் பழைய எண் திரும்பும், ஆனால் உடல் எந்தத் தகவலும் சொல்லாது.

பிரஷரை ஏற்றும் வேறு மருந்துகளையும் பாருங்கள். மூட்டுவலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென், மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சில பொருட்கள், ஸ்டீராய்டு, தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகளின் சோடியம் எல்லாம் இதில் சேரும். இருமலுக்கு நல்லது என்று வாரக்கணக்கில் சாப்பிடும் அதிமதுரமும் உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றும். மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்றால் முதலில் இந்தப் பட்டியலைத்தான் தேட வேண்டும்.

உப்பைக் கண்ணால் அளக்காதீர்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்புக்கும் கொஞ்சம் குறைவு. சமைக்கும்போது ஸ்பூன் எண்ணுவது நடைமுறைக்கு ஒத்துவராது. மாதக் கணக்கு எளிது. நான்கு பேர் வீட்டுக்கு 5 × 4 × 30 என்றால் மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், கடைச் சாப்பாடு இதில் சேரவில்லை. ஊறுகாயில் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உப்பு, கருவாட்டில் அதைவிடக் கூடுதல். அப்பளத்தில் உப்போடு சோடாவின் சோடியமும் உண்டு.

பாக்கெட்டில் தொடங்கிய தேதியை எழுதி, அது தீரும் நாளை மாதாமாதம் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். தயிர்ச் சோற்றிலும் மோரிலும் தனியாகப் போடுவதை முதலில் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இந்துப்பும் கல்லுப்பும் விதிவிலக்கல்ல, அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு உண்மையிலேயே உதவும். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் இந்த உப்பால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் இருந்தாலோ, டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

நடை, எடை, புகை, மது பற்றி எல்லோரும் அறிவர். குறைக்கும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் மேல் அளவு ஏறக்குறைய 1 இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதிகம் கவனிக்கப்படாதது குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்காது. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், மாத்திரைக்கு அடங்காத பிரஷர் மூன்றும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தால்

சிறுகுழாய் நோய் ஞாபக மறதியோடு தொடங்குவதில்லை. கணக்கு வழக்கு பார்க்கத் தாமதமாவது, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாமல் போவது, எதிலும் ஆர்வம் குறைவது, காலைத் தேய்த்து மெல்ல நடப்பது, சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது ஆகியவைதான் முன்னே வரும். கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பார்ப்பது மலிவான நல்ல பரிசோதனை. உடலின் சிறு ரத்தக்குழாய்களை எளிதாக நேரில் காணக்கூடிய இடம் அது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவும் அதே செய்தியை வேறு வழியில் சொல்லும்.

அறிக்கையில் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்பதற்காக நீங்களாகவே ஆஸ்பிரின் தொடங்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது வேறு கணக்கு. வராதவருக்கு, அதிலும் நுண்கசிவுப் புள்ளிகள் இருப்பவருக்கு, ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

திடீரென்று வந்தால்

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது எல்லாம் பக்கவாதத்தின் அடையாளங்கள். இதில் ஒன்று திடீரென வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும், அடுத்த சில நாளில் பெரிதாக வரும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

போகும் வழியில் தண்ணீர் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரின் வேண்டாம், அடைப்பா கசிவா என்பது ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது. பிரஷர் 190 இருக்கிறதே என்று கூடுதல் மாத்திரையும் வேண்டாம். அடைப்பாக இருந்தால், அந்த உயர்ந்த அழுத்தம்தான் அடைப்பைச் சுற்றியுள்ள மூளைக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத நிலையில் 220/120 வரைகூட மருத்துவர்கள் பொதுவாக அவசரப்பட்டுக் குறைப்பதில்லை.

மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து எடுப்பவரென்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம். காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தால், முதல் நாள் இரவு கடைசியாக எப்போது சரியாகப் பேசினார் என்பதே கணக்கு. நேரம் கடந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய குழாய் அடைத்தவர்களில் தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட, தொடைத் தமனி வழியே கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கிறார்கள்.